என்னைத்தான் கூப்பிட்டா!

உலகத்தில் தாத்தாக்கள் பல ரகம். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்குப் பின்னால் தூங்குகிறவர் ஒரு ரகம். பேத்தி தடுக்கி விழுந்தால் தரையை அடிக்கிறவர் ஒரு ரகம். டாக்டர் தொடக்கூடாது என்று சொன்ன இனிப்பைப் பேரன் பேரைச் சொல்லி வாங்கி, பேரனுக்குக் கால்வாசி, தனக்கு முக்கால்வாசி என்று பங்கு போடுகிறவர் இன்னொரு ரகம். இவர்களால் யாருக்கும் கெடுதல் இல்லை. ஆண்டவன் இவர்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும். நான் சொல்ல வந்தது வேறு ரகம். ‘என்னைத்தான் கூப்பிட்டா’ தாத்தா.

பார்த்திருப்பீர்கள். பார்க்காமல் தப்பித்திருக்க முடியாது. முடிவெட்டுகிற கடையில் கழுத்தைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருப்பார். துணிக்கு அடியிலிருந்து ஒரு கை மெல்ல வெளியே வரும். கையில் போன் இருக்கும். மருந்து வாங்கும் வரிசையில் உங்களுக்கு முன்னால் நிற்பார்; உடம்பு முன்னால் பார்க்கும், முகம் பின்னால் பார்க்கும். பஸ்ஸில் ஜன்னலோரத்தை உங்களுக்கே விட்டுக்கொடுப்பார். விட்டுக்கொடுத்தால் உஷாராகிவிடுங்கள். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தவர் எழுந்து ஓட முடியாது.

“ஒரே நிமிஷம். இதைக் கொஞ்சம் கேளுங்க.”

அந்த ஒரு நிமிஷத்தில் என்ன இருக்கும்? மின்விசிறி ஓடுகிற சத்தம். பாத்திரம் உருண்டு விழுகிற சத்தம். “அந்த ஈரத்துணியை எடுங்களேன்” என்று யாரோ கத்துகிற சத்தம். பிறகு இவருடைய குரல்: “தாத்தா சொல்லு. தா... த்தா. சொல்லு கண்ணு.” பதினோரு தடவை. எண்ணியிருக்கிறேன். கடைசியில் குழந்தை தும்மும்.

“கேட்டீங்களா?”

“ம்... கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“தாத்தான்னு சொன்ன மாதிரிதான்...”

“மாதிரியா?”

“இல்ல இல்ல. தாத்தான்னேதான் சொன்னா.”

இப்படி இவர் வழியில் சிக்கிப் பொய்யர்களாகிப்போன நல்லவர்கள் எத்தனை பேர்! காலையில் கடவுளைக் கும்பிட்டுவிட்டு வந்து கடையைத் திறந்தால், பத்து மணிக்குள் எனக்கு ஒரு பொய் நிச்சயம். பாவம் சொன்னவளுக்கா, சொல்லவைத்தவருக்கா? அதைப் பிரித்துக் கொடுக்கிற வேலையை ஆண்டவனிடமே விட்டுவிட்டேன்.

எங்கள் கட்டடத்தில் கீழே என் தையல்கடை. மாடியில் சர்வேயர் குடும்பம். அவர் பேரைச் சொன்னால் தபால்காரருக்கே தெரியாது. சர்வேயர் என்றால் தெரு நாய்க்கும் தெரியும். இரண்டு பேர் வேலிக்கு அடித்துக்கொண்டால் நடுவில் அளவுச் சங்கிலியைப் பிடித்து, “உன்னது இதுவரைக்கும், உன்னது அதுவரைக்கும்” என்று கல்லை நட்டுவிட்டு வந்த மனிதர். ஓய்வு பெற்று ஆறு வருஷமாகியும் கை நிற்கவில்லை. புதுக் கட்டில் வந்தால் அளப்பார். பழைய கட்டிலையும், அது குறைந்துபோயிருக்குமோ என்று அளப்பார். நான் தைத்துக்கொடுத்த தலையணை உறையை என் எதிரிலேயே அளந்து, “அரை விரக்கடை கம்மி” என்பார். அப்படிப்பட்டவர் ஒரு தும்மலை அளக்காமல் நம்பினார் பாருங்கள். அதுதான் பேத்தி.

பாப்பா பிறந்து மூன்றாம் மாதமே, உயரத்தைக் குறித்துவைக்கக் கதவுக்குப் பக்கத்தில் சாக்பீஸோடு வந்து நின்றார். குழந்தைக்குத்தான் நிற்க வராதே? அதனாலென்ன? தரையில் படுக்கவைத்துத் தலைக்கு ஒரு கோடு, குதிகாலுக்கு ஒரு கோடு. அந்தக் கோடு அழிந்துவிடக்கூடாதே என்று அவர் மனைவி ஒரு மாதம் அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றிக் கூட்டினார்.

எட்டாம் மாதத்தில் பேச்சுப் பயிற்சி தொடங்கியது. காலை பத்து மணி, மாலை நாலு மணி. பாடம் ஒன்றே ஒன்று. ‘அம்மா’ பாடத்தில் இல்லை, “அது தன்னால வரும்.” ‘அப்பா’வும் இல்லை, “அவன் என்ன பண்ணிட்டான்?” அவன், அதாவது மகன், லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலையில் இருக்கிறார். எப்போதும் ஏதாவது ஒரு கட்டடத்தில், பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் இருப்பார். குடும்பத்தில் பேச்சு முற்றும்போது இருப்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

பயிற்சிக்கு ஒரு சாமான் உண்டு. மூக்குக்கண்ணாடி வைக்கிற கூடு. வெளியே கறுப்பு, உள்ளே சிவப்பு வெல்வெட், மூடினால் ‘டப்’ என்று ஒரு சத்தம். பத்து மாதக் குழந்தைக்கு இந்த உலகத்தில் வேறென்ன வேண்டும்? சர்வேயர் அதைக் குழந்தையின் தலைக்கு மேலே ஒரு முழ உயரத்தில் பிடிப்பார். ‘டப்.’

“வேணுமா? தாத்தா சொல்லு. தா... த்தா. சொன்னாத்தான்.”

குழந்தை இரண்டு கையையும் நீட்டும். கூடு இன்னும் அரை முழம் மேலே போகும். குழந்தையின் கண் கூட்டைவிட்டு அசையாது. இவரோ அது தன் முகத்தைத்தான் ஆசை ஆசையாகப் பார்க்கிறது என்று நினைத்து, முகத்தை இன்னும் கொஞ்சம் அழகாக வைத்துக்கொள்வார். இப்படியே நாள் போனது. ஒருநாள் அந்தச் சின்ன வாய் குவிந்தது. எச்சில் வழிந்தது. எச்சிலோடு சேர்ந்து, “தா... தா” என்று வந்தது.

மாடிப்படியில் அவர் இறங்கி வந்த வேகத்தைப் பார்த்து, எங்கேயோ தீப்பிடித்துக்கொண்டது என்று நான் மிஷினை விட்டு எழுந்தே விட்டேன்.

“ஏம்மா! கூப்பிட்டுட்டா! என்னைத்தான் கூப்பிட்டா!”

சரி, கூட்டைக் கொடுத்தாரா? நல்ல கேள்வி கேட்டீர்கள். கொடுத்துவிட்டால் நாளைக்கு எதைக் காட்டிச் சொல்லவைப்பது? கூடு சட்டைப்பையில் இருந்தது. பைக்குப் பொத்தானும் போட்டிருந்தார்.

இத்தோடு முடிந்திருந்தால் ஒரு வீட்டுச் சந்தோஷமாகப் போயிருக்கும். ஆனால் இந்தப் பாப்பாவுக்கு ஆண்டவன் இரண்டு தாத்தாக்களைக் கொடுத்திருந்தான். நம் பாஷையை உண்டாக்கினவர்களையும் இந்த இடத்தில் கொஞ்சம் குறை சொல்லத்தான் வேண்டும். அப்பாவுக்கு மூத்தவர் பெரியப்பா, இளையவர் சித்தப்பா, கூடப் பிறந்தவள் அத்தை. அம்மாவுக்கு இளையவள் சித்தி, கூடப் பிறந்தவன் மாமா என்று, ஒருத்தர் பேருக்கு இன்னொருத்தர் சண்டைக்கு வராதபடி ஆளுக்கொன்று வைத்துக்கொண்டே வந்தவர்கள், தாத்தா என்கிற இடம் வந்ததும் களைத்துப்போய்ப் படுத்துவிட்டார்கள். அப்பாவைப் பெற்றவரும் தாத்தா. அம்மாவைப் பெற்றவரும் தாத்தா. ஒரே மனை, இரண்டு சொந்தக்காரர்கள். சர்வேயருக்கு வேறென்ன வேண்டும்?

அந்த இன்னொரு தாத்தா டிரைவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவர். பெரிய உடம்பு, சோபாவில் உட்கார்ந்தாலும் இரண்டு கையும் ஸ்டியரிங் பிடித்த மாதிரியே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மகளையும் பேத்தியையும் பார்க்க வருவார். அப்படி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாப்பா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, “தா தா” என்றது.

“என்னைத்தான் கூப்பிட்டா” என்றார் சர்வேயர்.

“சம்பந்தி, அவ என் பக்கம்ல பாத்துட்டு இருந்தா?”

“கண்ணு உங்க பக்கம். மனசு என் பக்கம்.”

“ஓ. மனசையும் அளந்து கல்லு நட்டாச்சா?”

“நான் நாள் தவறாம உக்காந்து சொல்லிக்குடுக்கிறேன். நீங்க வாரத்துக்கு ஒருநாள் வந்துட்டுப் போற ஆளு.”

“வாரத்துக்கு ஒருநாள் வந்தும் என்னைக் கூப்பிடுறால்ல? அதைச் சொல்லுங்க!”

இந்தச் சண்டை வெறும் பேருக்காக இல்லை. மருமகள் மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை பார்க்கிறாள். சம்பளமில்லாமல் நீட்டிக்கொண்ட பிள்ளைப்பேற்று விடுப்பும் முடியப்போகிறது. இன்னும் ஒரே வாரம்தான், அதற்கடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போகவேண்டும். பகலெல்லாம் பாப்பா எங்கே இருப்பது? இருக்கிற இடமான மாடியிலேயே சர்வேயரிடமா? இல்லை, டிரைவர் வீட்டிலா? டிரைவர் வீடு மருந்துக்கடைக்கு நேர் எதிரில். ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால் கேட்கும். இரண்டு பேரும் இதை வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்காமலே அடித்துக்கொண்டார்கள்.

மருமகள் குழந்தைத் துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: “போதும் மாமா. போதும்ப்பா. வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் எதிர எதிர உக்காருங்க. அவ யாரைக் கூப்பிடுறாளோ, அவங்ககிட்ட இருக்கட்டும்.”

சண்டை நின்றால் போதும் என்று விளையாட்டுக்குச் சொன்னது அது. ஆனால் ஓய்வு பெற்றவர்களிடம் விளையாட்டாகப் பேசக்கூடாது. யோசிக்க அவர்களுக்கு நிறைய நேரம் இருக்கிறது.

அந்த வாரம் பயிற்சி ஒரு நாளைக்கு நாலு வேளை ஆனது. மேலே ‘டப்... டப்...’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும். கீழே, மருமகள் வேலைக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பிள்ளை பெற்ற உடம்புக்குப் பழைய கோட்டு பிடிக்கவில்லை, பக்கத் தையலைத் தளர்த்தித் தைக்க வேண்டும். வியாழக்கிழமை டிரைவர் கடைக்கு வந்தார். கையில் மூக்குக்கண்ணாடி, ஒரு கால் தனியாகத் தொங்கியது.

“கெட்டி நூலா இருந்தாக் கொஞ்சம் குடும்மா. கட்டிக்கிறேன்.”

“எப்படி உடைஞ்சுச்சு?”

“பாப்பா பாத்தா. குடுத்தேன்.”

“போன வாரம் சாவியைக் காணோம்னு தேடினீங்களே?”

“அதையும் பாத்தா.”

நூலைச் சுற்றிக் கட்டிக்கொடுத்தேன். போகாமல் நின்றார். பிறகு குரலை இறக்கி, “யார்கிட்டயும் சொல்லாத. என்னை அவ ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லம்மா. அன்னிக்கு வீம்புக்குத்தான் சொன்னேன்” என்றார். “அவரைப் பாத்தா அப்படிக் கூப்பிடுறா. என்னைப் பாத்தா, கையில இருக்கிறதை வாங்கிக்கிட்டு அவ பாட்டுக்கு இருக்கா. இங்கதான் வீடு நிறைய ஆளு இருக்கு. என் வீட்டுல காலையில ரேடியோவைப் போட்டாத்தான் மனுஷக் குரலு.”

நான் ஆறுதலாக என்னவோ சொன்னேன். அதுவும் பொய்தான். அந்த வாரக் கணக்கில் அது ஏழாவது.

ஞாயிற்றுக்கிழமை கோட்டைத் தைத்து எடுத்துக்கொண்டு நான் மாடிக்குப் போனபோது, கூடத்தில் சாமான்களையெல்லாம் ஓரம் கட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு பாய். பாயில் பாப்பா. சர்வேயர் மண்டிபோட்டு, இரும்பு டேப்பை இழுத்து, பாப்பாவின் மூக்கிலிருந்து டிரைவர் நாற்காலிக்கு ஆறடி, தன் நாற்காலிக்கு ஆறடி என்று சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“சம்பந்தி, நாற்காலியை ரெண்டு விரக்கடை பின்னால தள்ளுங்க.”

“ஏங்க, அது குழந்தை. காலி மனை இல்ல” என்றார் அவர் மனைவி, சமையலறையிலிருந்து.

“நீ சும்மா இரு. நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது.”

மகன் வீட்டில் இல்லை. எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுவிட்டதாம். புத்திசாலி.

இரண்டு தாத்தாக்களும் உட்கார்ந்தார்கள். டிரைவர் நூல் கட்டிய கண்ணாடி வழியாகப் பாப்பாவைப் பார்த்தார். சிரித்துப் பார்த்தார். சர்வேயர் முதுகை நிமிர்த்தினார். பாப்பா தன் கால் கட்டை விரலை எடுத்து வாயில் வைத்தது. அப்போது சர்வேயரின் சட்டைப்பைப் பொத்தான் கழன்றது.

‘டப்.’

“சம்பந்தி! இது கள்ளாட்டம்!”

“கண்ணாடியைத் துடைக்கக்கூடாதா நான்?”

பாப்பா விரலை விட்டுத் திரும்பியது. இரண்டு கையும் மேலே போயின. “தா... தா!”

“முடிஞ்சுபோச்சு!” என்று எழுந்தே விட்டார் சர்வேயர். “எல்லாரும் கேட்டீங்கல்ல? ஏம்மா, நீயும் கேட்டல்ல? என்னைத்தான் கூப்பிட்டா!”

டிரைவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். ஸ்டியரிங் பிடித்த கைகள் மடியில் இறங்கின.

நான் தலையாட்டிவிட்டு, கோட்டை மருமகளிடம் கொடுக்கக் குனிந்தேன். கழுத்தில் தொங்கிய என் அளவு நாடா பாப்பாவுக்கு முன்னால் ஆடியது. மஞ்சள் நாடா. பாப்பா சர்வேயரை விட்டது, கூட்டை விட்டது, என்னைப் பார்த்து, அதே வாயைக் குவித்து, அதே எச்சிலை வழியவிட்டு, ஒரு எழுத்துக் குறையாமல், “தா... தா!” என்றது.

ஐம்பது வயதுப் பொம்பளை நான். எந்த முறையில் பார்த்தாலும் தாத்தா ஆக வழியில்லை.

முதலில் சிரித்தது மருமகள்தான். சிரித்துச் சிரித்து, கையிலிருந்த கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“மாமா, ஒரு மாசமாவே எனக்குத் தெரியும். சீப்பைப் பாத்தாலும் சொல்றா. கதவுத் தாப்பாளைப் பாத்தாலும் சொல்றா. அவ யாரையும் கூப்பிடல மாமா. ‘தா, தா’ன்னு கேக்குறா!”

“அப்ப... என்னைப் பாத்துச் சொன்னது?”

“கண்ணாடிக்கூட்டைக் கேட்டா. நீங்கதான் ஒருநாளும் குடுத்ததே இல்லயே.”

டிரைவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். “அப்ப என்கிட்ட மட்டும் ஏன் கேக்கலம்மா?”

“நீங்க எங்கப்பா கேக்க விட்டீங்க? பாத்தவுடனே குடுத்துடுறீங்களே.”

நூல் கட்டிய கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெரிய மனிதரின் கண்கள் எப்படியோ ஆகிவிட்டன. எனக்கும்தான். கேட்காமலே கொடுக்கிறவனை நம்மில் யார் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? இல்லாததைக் கேட்கும்போதுதானே ஆண்டவன் பேர் நம் வாயில் வருகிறது! ஆனால் இது பிரசங்கம் செய்கிற இடமில்லை.

“யாரைக் கூப்பிட்டாளோ அவங்ககிட்டன்னு சொன்னேன்” என்றாள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “பாத்தா, இந்த அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கா. தையல்கடையிலயே விட்டுடவா?” இரண்டு பேர் முகமும் போன போக்கைப் பார்த்து அவளே இரங்கினாள். “சரி. திங்க, செவ்வாய், புதன் இங்க. வியாழன், வெள்ளி, சனி அப்பா வீட்டுல. ஆனா ரெண்டு பேரும் கேட்டுக்கங்க. அவ கேட்டாக் குடுத்துடணும். ‘சொன்னாத்தான்’னு ஒரு வார்த்தை என் காதுல விழுந்துச்சு, அந்த வாரம் அவங்களுக்குக் கிடையாது.”

சர்வேயர் கூட்டைப் பார்த்தார். பாப்பாவைப் பார்த்தார். முப்பது வருஷம் அடுத்தவன் எல்லையில் கல் நட்டவர், முதல்முறையாகத் தன் எல்லையிலிருந்து ஒரு கல்லைப் பிடுங்குகிற மாதிரி, கூட்டை மெல்லக் கீழே இறக்கிக் கொடுத்தார். பாப்பா வாங்கியது. திறந்தது. வெல்வெட்டைக் கடித்தது. வேறு ஒன்றும் சொல்லவில்லை. அவர் குனிந்து காதைக் கொடுத்துக் காத்திருந்தார்.

“சொல்லேன்” என்றார், யாருக்கும் கேட்காத மாதிரி.

பாப்பாவுக்குச் சொல்ல என்ன இருக்கிறது? வேண்டியதுதான் கையில் வந்துவிட்டதே!

இத்தோடு எல்லாரும் திருந்தினார்கள் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் இந்த ரகம் திருந்துகிற ரகமில்லை, பரவுகிற ரகம். அடுத்த புதன்கிழமை சர்வேயர் கடைக்கு வந்தார்.

“மூணு நாளா வாயே தொறக்கலம்மா. கேக்குறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் குடுத்துடுறேன். ஒரு வார்த்தை இல்ல.”

சட்டைப்பையில் புதுக் கூடு எட்டிப்பார்த்தது. பளீரென்று சிவப்பு.

“இது எதுக்குங்க?”

“சும்மா. கண்ணாடி வைக்க.” விரல் தன்னால் அதன் மேல் போனது. ‘டப்.’ “பழசைவிட இதுல சத்தம் நல்லா இருக்குல்ல?”

அவரை விடுங்கள். வெள்ளிக்கிழமை மருமகளுக்குச் சாப்பாடு கொடுத்தனுப்பினார்கள் என்று மருந்துக்கடைப் பக்கம் போயிருந்தேன். எதிர்வீட்டு ஜன்னலை ஒட்டி நடந்தேன், திறந்திருந்தது. உள்ளே டிரைவர். பார்த்தவுடனே கொடுக்கிற அதே டிரைவர். கையில் சாவிக்கொத்து. கை தலைக்கு மேலே. முப்பது வருஷம் ஹாரன் அடித்த மனிதர், மருந்துக்கடைக்குக் கேட்டுவிடக்கூடாதே என்று குசுகுசுவென்று சொல்லிக்கொண்டிருந்தார்:

“தா... த்தா. சொல்லு ராஜாத்தி. ஒரே ஒரு தடவை.”

“தா... தா!” என்றது பாப்பா.

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். நான் மருமகளிடம் சொல்லவில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு, ஜன்னலை நான் பார்க்கவே இல்லை என்று வந்துவிட்டேன். அந்த வாரக் கணக்கில் அது முதல் பொய்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். நமக்குப் பேரன் பேத்தி இல்லை, நாம் தாத்தா இல்லை, நமக்கு இன்னும் வயதாகவில்லை என்ற தைரியம். இந்த ரகத்துக்கு வயதும் வேண்டாம், முறையும் வேண்டாம். நேற்று மாலை சர்வேயர் மனைவி பாப்பாவை என் கடையில் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டுப் போனார். பாப்பா மஞ்சள் நாடாவைப் பார்த்தது. கையை நீட்டியது. நாடாவை உடனே கொடுத்திருக்கலாம். இத்தனை பக்கம் எழுதினவள், கொடுத்துத்தான் இருக்க வேண்டும். கடையில் வேறு யாரும் இல்லை. நாடா கழுத்திலிருந்து வந்தது; கொஞ்சம் மேலே போனது; இன்னும் கொஞ்சம்.

“அத்தை சொல்லு கண்ணு. அ... த்தை. சொன்னாத்தான்.”

நான் ஒத்துக்கொண்டேன். இப்போது நீங்கள். உங்கள் வீட்டுக் குழந்தை எதிரில் நிற்கிறதா? உங்கள் கையைக் கொஞ்சம் பாருங்கள். எந்த உயரத்தில் இருக்கிறது?